22 வயதுக் கிளியும் நாலு மணி ரஸ்க்கும்

கேள்வி இதுதான். தென்காசிப் பக்கம், கேரள எல்லையை ஒட்டின புளியரையில் ஒரு வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. மாமனார் வளைகுடா வேலையை விட்டு ஊருக்கு வந்த வருடம் புனலூரில் ஒருவரிடம் குஞ்சாக வாங்கியது, இப்போது வயது 22. இத்தனை வருடமும் சூரியகாந்தி விதை, நிலக்கடலை, நேந்திரங்காய் சிப்ஸ், சாயங்காலம் மாமா டீயில் நனைத்துக் கொடுக்கும் ரஸ்க், இவ்வளவுதான் சாப்பாடு. அலகு நீண்டு வளைகிறது, இறகு மங்கிவிட்டது. மருமகள் பெல்லட் (கிளிக்கு வேண்டிய சத்தெல்லாம் சேர்த்து அரைத்துக் குச்சியாகவோ உருண்டையாகவோ செய்த கடைத்தீனி) வாங்கி வைத்தார். கிளி அதைத் தொடக்கூட இல்லை. "இந்த வயதில் மாற்ற முடியுமா? இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பட்டினி போடாதீர்கள். யார் சொன்னாலும் சரி.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவர் இல்லை. ஆடு மாடு வேலைக்கு, பறவை என் சொந்தக் கிறுக்கு. பல வருடம் முன்பு என்னிடம் ஒரு காக்கடீல் ஜோடி இருந்தது, கொண்டை வைத்த சின்னக் கிளி அது. கிளி விற்கும் ஒருவர் இதே யோசனையைச் சொன்னார். விதையை எடுத்துவிட்டு பெல்லட் மட்டும் வைத்தேன். கிண்ணத்தில் பெல்லட் குறைந்துகொண்டே வந்தது. கீழே தூளும் கிடந்தது. தின்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆண் பறவை கூண்டின் தரையில் கிடந்தது. அது பெல்லட்டைத் தின்னவே இல்லை, அலகால் நொறுக்கித் தூளாக்கிப் போட்டிருக்கிறது. தினம் எடை பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 90 கிராம் பறவைக்கு இரண்டு நாள் பட்டினி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆட்டுக்குட்டி பசித்தால் புதுத் தழையைக் கடித்துப் பார்க்கும். கிளி அப்படி இல்லை. எது தீனி என்பதைத் தாயிடமும் கூட்டத்திடமும் பார்த்துப் பழகும் பிராணி அது. நம் இலையில் யாராவது சட்டைப் பொத்தானைப் பரிமாறினால் எவ்வளவு பசித்தாலும் கையை வைப்போமா? உங்கள் கிளிக்கு பெல்லட் அப்படித்தான் தெரிகிறது. அது அடம் பிடிக்கவில்லை, தீனி என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது வயது விஷயம். 22 வருடம் சாம்பல் கிளிக்குக் கிழவயது இல்லை; நன்றாகக் கவனித்தால் 40, 50 வருடம் இருக்கக்கூடிய இனம். ஆனால் 22 வருடம் விதையிலேயே வளர்ந்த உடம்பு வேறு. அதனால் கிண்ணத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அலகு வேகமாக நீளுவது, அதில் கறுப்பாக ரத்தம் கட்டின மாதிரிப் புள்ளி விழுவது, இவை ஈரலில் கொழுப்பு சேர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் நகவெட்டியால் அலகைச் சீவிவிடும் வீட்டு வைத்தியம் ஆபத்து, ரத்தம் நிற்காமல் போகலாம். ரத்தத்தில் ஈரல், யூரிக் அமிலம், கால்சியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மேலண்ணத்துப் பிளவையும் பார்க்கச் சொல்லுங்கள்: அதன் ஓரத்தில் சின்னச் சின்ன முள் போல வரிசையாக இருக்க வேண்டும், வைட்டமின் ஏ குறைந்த கிளிகளில் அது மழுங்கிப்போயிருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரியில் பறவை பார்க்கிறவர் இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மலையாளப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் திருச்சூர் மண்ணுத்தி கல்லூரியும் இருக்கிறது, தூரம்தான் அதிகம். எங்கே போனாலும் முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள். வெயில் ஏறுமுன், மூடின பெட்டியில் கொண்டுபோங்கள்.

அடுத்தது தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். அதன் மேல் ஒரு சின்னக் கட்டையை நிற்க வைத்துக் கிளியை ஏறப் பழக்குங்கள். தினம் காலையில், எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். சாம்பல் கிளிகள் பெரும்பாலும் 400 முதல் 550 கிராம் வரை இருக்கும். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எடை மட்டும் எடுங்கள், அந்தச் சராசரிதான் உங்கள் கிளியின் கணக்கு. உதாரணமாக 480 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 456க்கு இறங்கினால் (அது நூற்றுக்கு ஐந்து) ஒரு படி பின்வாங்குங்கள். 432 என்றால் எல்லாவற்றையும் நிறுத்திப் பழைய தீனிக்கே போய், மருத்துவரைக் கூப்பிடுங்கள். கிளி பருமனாக இருக்கிறது, இளைத்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். ஈரல் கெட்ட பறவை சட்டென்று இளைத்தால் ஈரல் இன்னும் கெடும்.

அந்த முதல் வாரத்தில் இன்னொரு கணக்கும் எடுங்கள்: உண்மையில் எவ்வளவு விதை தின்கிறது? கிண்ணம் நிறைய இருப்பதாகத் தோன்றும், ஊதிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் தோல். நிறைய வீடுகளில் இந்தத் தோலை நம்பித்தான் கிளி பட்டினி கிடக்கிறது.

விதையில் என்னதான் குற்றம்? சூரியகாந்திப் பருப்பிலும் நிலக்கடலையிலும் ஏறக்குறைய பாதி எடை கொழுப்பு. பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். சாம்பல் கிளிக்கு இது மற்ற கிளிகளைவிட மோசம், ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வருவது இந்த இனத்தில் பேர்போன வியாதி. வயதான சாம்பல் கிளிகளுக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதும் உண்டு. நிலக்கடலைக்கு இன்னொரு பொல்லாப்பு, அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை விஷம். நம்ம பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். உப்புக்கூட டப்பாவில் கசிந்து நிற்கும் காலம், கடலை மட்டும் காய்ந்து இருக்குமா? சாரல் மாதங்களில் கடலையை அடியோடு நிறுத்துங்கள். விதையைக் கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூசண வாடை வந்தால் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம் என்று பார்க்காதீர்கள், குப்பையில் கொட்டுங்கள். கழுவுவதால் அந்த விஷம் போகாது.

சரி, மாற்றும் விதம். சிப்ஸை இன்றைக்கே நிறுத்துங்கள். உப்பும் எண்ணெயும் தவிர அதில் ஒன்றுமில்லை, கிளி அதை நம்பி உயிர் வாழவும் இல்லை. டீயையும் நிறுத்த வேண்டும். அதில் இருக்கும் காஃபின் பறவையின் இதயத்துக்கு ஆகாது, பாலைச் செரிக்கும் சத்தும் கிளிக்குக் கிடையாது.

ஆனால் ரஸ்க்? அங்கேதான் வீட்டில் சண்டை வரும். 22 வருடமாக நாலு மணிக்கு மாமாவும் கிளியும் சேர்ந்து உட்கார்ந்து தின்கிறார்கள். கிளிக்கு அது கூட்டத்தோடு இரை தேடப் போகிற நேரம், மாமாவுக்கு அது என்னவோ அவருக்குத்தான் தெரியும். அந்த நேரத்தைப் பிடுங்காதீர்கள். கிளி தீனி எது என்று கற்றுக்கொண்டது மாமாவின் கையைப் பார்த்துத்தான், புதுத் தீனியையும் அந்தக் கை கொடுத்தால்தான் கற்றுக்கொள்ளும். மருமகள் எத்தனை விலைக்கு பெல்லட் வாங்கிக் கிண்ணத்தில் போட்டாலும் மாமா தின்று காட்டும் ஒரு துண்டு பரங்கிக்காய்க்கு ஈடாகாது.

நான் செய்து பார்த்த ஒரு பண்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கிளி இட்லி என்பார்கள். கேழ்வரகு மாவு அல்லது சோள ரவை, ஒரு முட்டை, துருவின பரங்கிக்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, பொடித்த பெல்லட் கொஞ்சம். உப்பு, சர்க்கரை, எண்ணெய், சோடா எதுவும் கூடாது. கலந்து இட்லித் தட்டில் ஊற்றி வேக வைத்து, ஆறினதும் விரல் கனத்துக்கு வெட்டி, இரும்புத் தோசைக்கல்லில் மொரமொரப்பாகும் வரை வாட்டுங்கள். பார்க்கவும் கடிக்கவும் ரஸ்க் மாதிரியே இருக்கும். (இரும்புக்கல் என்று சொன்னது வேண்டுமென்றுதான். ஒட்டாத பாத்திரத்தின் டெஃப்லான் பூச்சு அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை கிளியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூடத் தெரியாது. சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.)

நாலு மணிக்கு மாமா அந்தத் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்காரட்டும். உடனே நீட்டக் கூடாது. அவர் கடித்து மெல்ல வேண்டும், கொஞ்சம் ரசித்த மாதிரி சத்தமும் போடலாம். கிளி கழுத்தை நீட்டும். அப்போதும் கொடுக்காமல் இரண்டு வாய் தின்றுவிட்டு, பிறகு போனால் போகிறது என்று ஒரு துணுக்கு. வாங்கிக் கீழே போட்டால் போடட்டும். சில கிளிகள் பத்து நாள் கீழே போட்டுவிட்டுப் பதினோராம் நாள் தின்னும். அது தினமும் தின்ன ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு வாரம் இட்லியில் பெல்லட் பொடியைக் கூட்டுங்கள். வேகவைத்தால் பெல்லட்டின் வைட்டமின் கொஞ்சம் போகும், பரவாயில்லை. இப்போது வேண்டியது சத்து இல்லை, அறிமுகம். பெல்லட் வாசனை நாக்குக்குப் பழகினதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்த பெல்லட்டைக் கையில் கொடுங்கள், அதன் பிறகுதான் உலர்ந்தது.

காலையில் வேறு வழி. இரவு முழுவதும் தின்னாமல் இருந்து எழுகிற நேரம்தான் கிளிக்கு நல்ல பசி. விடிந்ததும் விதைக்கு முன்னால் காய்கறித் தட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்த விதை. சாயங்காலம் மறுபடி அளந்த விதை. அதாவது நாள் முழுவதும் விதைக் கிண்ணம் தொங்குவது நிற்கிறது, நடுவில் பெல்லட் கிண்ணம் மட்டும் இருக்கும். இதுவே பெரிய மாற்றம். இரண்டு வாரம் இதிலேயே நில்லுங்கள். எடை நின்றால், புதுத் தீனி உள்ளே போவதும் உறுதியானால், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு விதையைக் குறையுங்கள்.

உள்ளே போகிறதா என்று எப்படித் தெரியும்? எச்சத்தைப் பாருங்கள். விதை தின்கிற கிளியின் எச்சம் பச்சையாக இருக்கும், பெல்லட் போகப் போகப் பழுப்பாகும். காய்கறி தின்றால் நீர் அதிகமாக வரும், அது பேதி இல்லை. பீட்ரூட் தின்ற மறுநாள் சிவப்பாகப் போய் வீட்டையே கலக்கும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சிறுத்து, கருத்து, பிசினாக வரும் எச்சத்தைப் பார்த்து. வயிறு காலி என்று அர்த்தம். கூடவே இறகை உப்பிக்கொண்டு பகலில் தூங்கினால் அன்றைக்கே பழைய தீனியைக் கொடுத்து மருத்துவரைப் பாருங்கள். கட்டையிலிருந்து விழுந்து வெட்டி இழுத்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

என்ன காய்? முதலில் முருங்கைக்கீரை. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். உங்கள் கொல்லையிலேயே நிற்கும். இணுக்கோடு ஒடித்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல் கட்டித் தொங்கவிடுங்கள். தின்னாவிட்டாலும் பிய்த்து விளையாடும், விளையாட்டில் நாலு இலை உள்ளே போகும். பசலையும் பாலக்கும் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் நிறைந்தவை. எப்போதாவது போதும். அப்புறம் பரங்கிக்காய் (அந்தப் பக்கத்து மத்தன்), கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, பப்பாளி, பீன்ஸ், முளைகட்டின சிறுபயறு. முளைகட்டியதைச் சாரல் காலத்தில் தவிருங்கள், நூல் விடுவதற்குள் பூசணம் வந்துவிடும். ஈரமான எதுவும் கூண்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

காந்தாரி மிளகாயை மறந்துவிடாதீர்கள். பழுத்த மிளகாயில் கரோட்டின் நிறைய. காரம் நமக்குத்தான். பறவைகளின் நரம்பு மிளகாய்க் காரத்தை உணர்வதில்லை, அதனால்தான் காட்டு மிளகாயின் விதையைப் பறவைகள் ஊர் ஊராகப் பரப்புகின்றன. காய்கறியைத் திரும்பியும் பார்க்காத கிளிகள் பல மிளகாயில்தான் மடங்கும். உள்ளே விதை இருக்கிறதே, விதை தின்னிக்கு அதுவே அழைப்பு. ஒரே எச்சரிக்கை: மிளகாய் தின்ற அலகால் மாமாவுக்கு முத்தம் கொடுக்க வந்தால் மாமா தள்ளி உட்காரட்டும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். சாம்பல் கிளி மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் காட்டில் ஆசையாகத் தின்கிற பழங்களில் ஒன்று எண்ணெய்ப்பனைப் பழம். ஆரியங்காவும் தென்மலையும் தாண்டிக் குளத்துப்புழை, ஏரூர் பக்கம் போனால் அந்த மரம் எஸ்டேட் எஸ்டேட்டாக நிற்கிறது. உங்கள் கிளியின் பூர்வீகச் சாப்பாடு புளியரையிலிருந்து பஸ் ஏறும் தூரத்தில் காய்க்கிறது! பழத்தின் செம்மஞ்சள் நிறம் முழுக்கக் கரோட்டின்தான். யாராவது பழம் கொண்டுவந்தால், மருந்தடிக்காதது என்று தெரிந்தால், வாரம் ஒன்று கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம், கொழுப்பு. உடனே ரேஷன் கடைப் பாமாயிலைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. அந்த நிறம் சுத்திகரிப்பில் போய்விடுகிறது, மிஞ்சுவது எண்ணெய் மட்டும்.

பழம் என்றால் கொய்யா, பப்பாளி, மாதுளை. குற்றாலம் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வரும்போது ஒரு சுளை கொடுத்தால் குற்றமில்லை, ஆனால் பழம் முக்கால்வாசி தண்ணீரும் சர்க்கரையும்தான், நாளுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். கப்பைக்கிழங்கு (மரவள்ளி) உங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். பச்சைக் கிழங்கில் சயனைடு விஷம் உண்டாகும், தோல்கூடக் கிளிக்கு எட்டக் கூடாது. வெந்தது விஷமில்லை, ஆனால் வெறும் மாவு. அவகாடோ, நம் ஊரில் பட்டர் ஃப்ரூட் என்பது, ஒரு துளியும் கூடாது, கிளியைக் கொல்லும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, ஊறுகாய், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் மாட்டுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். மணல், கல் எதுவும் வேண்டாம். கிளி தோலை உரித்துத் தின்னும் பறவை, புறாவைப்போல் கல் தேவையில்லை. தின்ற கால்சியம் உடம்பில் சேர வெயில் வேண்டும். காலையில் அரை மணி நேரம் கூண்டோடு வெளியே வையுங்கள், பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். சன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் கணக்கில் சேராது, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தண்ணீரில் விடும் வைட்டமின் சொட்டு மருந்தை வாங்காதீர்கள். தண்ணீர் சீக்கிரம் கெடும், கிளி குடிப்பதும் குறையும். பெல்லட் தின்ன ஆரம்பித்த பிறகு சொட்டு மருந்தும் சேர்ந்தால் வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறும்.

எதுவரை போக வேண்டும்? பாதிக்கு மேல் பெல்லட், மீதியில் பெரும்பகுதி காய்கறி, விதையும் கொட்டையும் கைத்தீனியாகச் சில என்று வந்தால் நல்லது. ஆனால் 22 வயதுக் கிளி பெல்லட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீரையும் பரங்கியும் இட்லியும் தின்னத் தயார் என்றால் நான் அதோடு சண்டை போட மாட்டேன். மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், விடுபட்ட சத்தை அவர் கணக்குப் பார்ப்பார். காலம் மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். இறகின் பளபளப்பு அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் தெரியும், அதற்கு முன் தேடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் கிளி 2017 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியல் அது. 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திய பிறகு இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பறவைகளைப் பதிவு செய்ய வேண்டும், விதிமுறை 2024இல் வந்தது, பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். இன்னும் செய்யவில்லை என்றால் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பக்கத்து வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தன் கிளிக்கும் யோசனை கேட்டால், நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

தராசு நாளைக்கே வாங்கிவிடலாம். கிளி இட்லிக்கு உப்புப் போடக் கூடாது என்பதை மாமாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். முதல் நாள் கடித்துவிட்டு அவர்தான் முகம் சுளிப்பார்.